வருமான வரி விதிகள் மாறும் ஆண்டில் பேரோல் சேவைக் கட்டணத்தை எப்படி நிர்ணயிப்பது?

கேள்வி: திருப்பூர், சம்பளப் பட்டியல் தயாரிக்கும் அலுவலகம் நடத்துபவர்

அனைவருக்கும் வணக்கம். 2026ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இதை எழுதுகிறேன். நான் திருப்பூரில் பத்து ஆண்டுகளாகச் சம்பளப் பட்டியல் தயாரித்துக் கொடுக்கும் சிறிய அலுவலகம் நடத்தி வருகிறேன். அதற்கு முன் ஒரு பனியன் கம்பெனியின் டைம் ஆபீஸிலும் பிறகு அதே கம்பெனியின் கணக்குப் பிரிவிலும் வேலை பார்த்தேன். இப்போது 41 நிறுவனங்களின் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. பெரும்பாலானவை தையல் யூனிட்டுகள். இரண்டு சாயப்பட்டறைகளும், பல்லடம் பக்கம் சில விசைத்தறிக் கூடங்களும், நான்கைந்து ஏற்றுமதி அலுவலகங்களும் உண்டு. மொத்தம் ஏறத்தாழ 2,300 பேருக்குச் சம்பளப் பட்டியல் போடுகிறோம். என்னோடு இரண்டு உதவியாளர்கள் இருக்கிறார்கள்.

தலைக்கு மாதம் 60 ரூபாய் வாங்குகிறேன். 2022ஆம் ஆண்டு முதல் இந்தத் தொகையை மாற்றவில்லை. வருகைப் பதிவைச் சரிபார்த்துச் சம்பளம் கணக்கிடுவது, பிஎஃப் மாத அறிக்கையான இசிஆரை ஏற்றுவது, இஎஸ்ஐ, அரையாண்டுத் தொழில் வரி, சம்பளத்தில் வருமான வரிப் பிடித்தம், அந்தப் பிடித்தத்துக்குக் காலாண்டுக்கு ஒருமுறை 24க்யூ அறிக்கை, ஆண்டு முடிந்ததும் ஊழியருக்கு வரிப் பிடித்தச் சான்றான படிவம் 16 ஆகிய எல்லாமே இந்த 60 ரூபாய்க்குள் அடக்கம்.

நான் இந்தத் தொகையைப் பேசி முடித்த பிறகு விதிகள் எத்தனை முறை மாறிவிட்டன என்று அண்மையில் எழுதிப் பார்த்தேன். 2023 ஏப்ரலில், பெரும்பாலான கழிவுகள் இல்லாத புதிய வரி முறையே இயல்பான முறை என்று ஆனதும், வரி வரம்புக்குள் வரும் ஒவ்வொரு ஊழியரிடமும் எந்த முறை வேண்டும் என்று கேட்டு எழுத்தில் வாங்கி வைக்க வேண்டியிருந்தது. 2024 ஜூலை 23 அன்று வந்த வரவு செலவுத் திட்டம் புதிய முறையில் நிலையான கழிவை 50,000 ரூபாயிலிருந்து 75,000 ரூபாயாக உயர்த்தி, வரி அடுக்குகளையும் மாற்றியது. ஆண்டின் நடுவில் வந்த மாற்றம் என்பதால், அதுவரை பிடித்த வரியைக் கழித்துவிட்டு மீதி மாதங்களுக்கு ஒவ்வொருவருக்கும் புதிதாகக் கணக்குப் போட்டோம். அதே ஆண்டு அக்டோபரில் படிவம் 12பிஏஏ வந்தது. ஊழியர் வேறு இடத்தில் செலுத்திய வரிப் பிடித்தத்தையும் நாம் கணக்கில் எடுக்க வேண்டியதாயிற்று. 2025 ஏப்ரலில் அடுக்குகள் மீண்டும் மாறின. புதிய முறையில் 12 லட்சம் ரூபாய் வரை வரி இல்லை என்ற தள்ளுபடியும் வந்தது. இவற்றில் எதற்கும் நான் ஒரு ரூபாய் கூடத் தனியாகக் கேட்கவில்லை.

இப்போது 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருகிறது. பிரிவு எண்கள் மாறுகின்றன. முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற சொற்கள் போய் வரி ஆண்டு என்ற ஒரே சொல் வருகிறது. ஆனால் முடிகிற ஆண்டின் நான்காம் காலாண்டு அறிக்கையை மே 31க்குள்ளும், படிவம் 16ஐ ஜூன் 15க்குள்ளும் பழைய சட்டப்படியே கொடுத்தாக வேண்டும். ஆக இரண்டரை மாதங்களுக்கு ஒரே மேசையில் இரண்டு சட்டங்களை வைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும். போதாததற்கு, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி அடிப்படைச் சம்பளத்தை எப்படி மாற்றி அமைப்பது என்றும் முதலாளிகள் என்னிடமே கேட்கிறார்கள்.

என் உதவியாளர்கள் இருவரும் ஜனவரியிலிருந்து பல ஞாயிற்றுக்கிழமைகளில் வேலைக்கு வந்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கூடுதலாகக் கொடுக்க என் கையில் ஒன்றும் இல்லை. எனவே எல்லா நிறுவனங்களுக்கும் தலைக்கு 60 ரூபாயை 75 ரூபாயாக உயர்த்தலாம் என்று நினைக்கிறேன். ஆனால் இதே வேலையைத் தலைக்கு 45 ரூபாய்க்குச் செய்வதாகச் சொல்லும் ஆட்களும் ஊரில் இருக்கிறார்கள். அதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. சட்டம் மாறிவிட்டது என்று சொல்லி முதலாளியைப் பயமுறுத்திப் பணம் வாங்குவதில் எனக்கு விருப்பம் இல்லை. நியாயமான உயர்வு எவ்வளவு, அதை எப்படிக் கேட்பது என்று இந்தத் தொழிலில் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.


மறுமொழி 1: கோவை, பட்டயக் கணக்காளர்

உங்கள் உழைப்புக்கு உயர்வு வேண்டும் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் எல்லாருக்கும் தலைக்கு 15 ரூபாய் என்பது தவறான வழி என்று உறுதியாகச் சொல்வேன். காரணம் எளிமையானது. பிஎஃப், இஎஸ்ஐ வேலை ஆள் எண்ணிக்கையோடு வளர்கிறது. வருமான வரி அறிக்கை வேலை வரி வரம்புக்குள் வருபவர்களின் எண்ணிக்கையோடு மட்டுமே வளர்கிறது. தையல் யூனிட்டில் பவர் டேபிளில் தைக்க உட்கார்ந்திருப்பவருக்கும் செக்கிங், அயர்னிங் செய்பவருக்கும் வருமான வரிச் சட்டம் மாறியதால் உங்கள் மேசையில் என்ன வேலை கூடியது? ஒன்றும் இல்லை. மேலாளர், மெர்ச்சண்டைசர், சம்பளம் எடுக்கும் இயக்குநர் ஆகியோருக்குத்தான் கூடியது.

இதை எண்ணால் பார்ப்போம். உங்களிடம் 120 பேர் வேலை செய்யும் ஒரு தையல் யூனிட் இருப்பதாகவும், அதில் 14 பேர் மட்டும் வரிக் கணக்குக்குள் வருவதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரிடமும் விருப்பம் கேட்டு எழுதி வாங்கி, பழைய பிடித்தத்தைச் சரிபார்த்து, புதிய கணக்கை ஏற்ற 20 நிமிடம் ஆகும் என்றால் 4 மணி 40 நிமிடம். மென்பொருளில் சம்பளத் தலைப்புகளைப் புதிய சட்டத்துக்கு ஏற்ப மாற்ற 2 மணி நேரம். ஒரு மாதச் சம்பளத்தைச் சோதனையாக ஓட்டிப் பார்க்க ஒன்றரை மணி நேரம். நீங்கள் சட்டத்தைப் படித்துப் புரிந்துகொள்ளச் செலவழித்த நேரத்தை 41 நிறுவனங்களுக்கும் பிரித்தால் தலா 1 மணி நேரம் என்று வையுங்கள். மொத்தம் ஏறத்தாழ 9 மணி நேரம். உதவியாளர் சம்பளம், வாடகை, மென்பொருள் சந்தா, உங்கள் நேரம் ஆகியவற்றைச் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு 300 ரூபாய் என்று கொண்டால் 2,700 ரூபாய் ஆகிறது. தலைக்கு 15 ரூபாய் உயர்த்தினால் அதே நிறுவனம் ஆண்டுக்கு 21,600 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கும்.

இப்போது 16 பேர் மட்டுமே உள்ள ஓர் ஏற்றுமதி அலுவலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அனைவரும் வரிக் கணக்குக்குள் வருபவர்கள். அதே கணக்கில் உங்களுக்கு ஏறத்தாழ 10 மணி நேரம், அதாவது 3,000 ரூபாய் வேலை. ஆனால் தலைக்கு 15 ரூபாய் உயர்வில் அவர்கள் தருவது ஆண்டுக்கு 2,880 ரூபாய்தான். ஏறக்குறைய ஒரே அளவு வேலைக்கு முதல் நிறுவனம் இரண்டாவது நிறுவனத்தைப்போல் ஏழரை மடங்கு கொடுக்கிறது. தையல் யூனிட் முதலாளி இதைக் கணக்குப் போட்டுப் பார்க்க மாட்டார் என்று எண்ண வேண்டாம். கிலோவுக்கு ஐம்பது காசு நிட்டிங் கூலிக்காக ஒரு நாள் முழுவதும் பேசுகிற ஊர் உங்களுடையது.

ஆகவே மாற்றத்துக்கான வேலையையும் மாதாமாதம் தொடரும் வேலையையும் முதலில் பிரியுங்கள். மாற்றத்துக்கான வேலை ஒருமுறைதான்; அதற்கு ஒருமுறைக் கட்டணம். தொடரும் வேலை உண்மையிலேயே கூடியிருந்தால் மட்டும் மாதக் கட்டணம் கூட வேண்டும். அதுவும் வரிக் கணக்குக்குள் வருபவர்களுக்குத் தனி விகிதமாக இருக்கட்டும். இதற்கு முதல் தேவை நேரக் குறிப்பு. ஏப்ரலிலிருந்து உங்கள் உதவியாளர்கள் எந்த நிறுவனத்துக்கு, எதற்காக, எத்தனை நிமிடம் செலவழித்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதினாலே போதும். நான் மேலே சொன்ன 20 நிமிடமும் 300 ரூபாயும் எடுத்துக்காட்டுக்குத்தான். உங்கள் எண்கள் உங்கள் நோட்டிலிருந்து வர வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2,300 பேருக்கு மாதம் 60 ரூபாய் என்றால் உங்கள் ஆண்டு வருமானம் 16,56,000 ரூபாய். 75 ரூபாய் ஆக்கினால் 20,70,000 ரூபாய். சேவைத் தொழிலுக்கு ஜிஎஸ்டி பதிவு தேவைப்படும் வரம்பு 20 லட்சம். அதைத் தாண்டிவிட்டால் ஒவ்வொரு பில்லிலும் 18 சதவீதம் சேரும். ஏற்றுமதி நிறுவனங்கள் அதை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளும். ஜிஎஸ்டி பதிவு இல்லாத சிறிய தறிக்கூடத்துக்கு அது முழுச் செலவு. 60 ரூபாய் கொடுத்துக் கொண்டிருந்தவர் 88 ரூபாய் 50 காசு கொடுக்க வேண்டி வரும். பதிவு செய்யவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தெரியாமல் தாண்டிவிடக் கூடாது என்கிறேன்.

சிலர் மிச்சப்படுத்திக் கொடுக்கும் வரியில் பங்கு கேட்கிறார்கள். 1949ஆம் ஆண்டின் பட்டயக் கணக்காளர் சட்டம், முதல் அட்டவணை, முதல் பகுதி, 10ஆம் கூறின்படி, இலாபத்தின் சதவீதமாகவோ முடிவைப் பொறுத்தோ கட்டணம் வாங்குவது எங்களுக்கு ஒழுங்கீனம். அந்தக் கூறு உங்களைக் கட்டுப்படுத்தாது என்றாலும், சரியான வரியைப் பிடிக்க வேண்டிய வேலையில் குறைவாகப் பிடித்தால் ஆதாயம் என்ற நிலையை நீங்களும் ஏற்படுத்திக்கொள்ள வேண்டாம்.


மறுமொழி 2: உடுமலைப்பேட்டை அருகே, நூற்பாலையில் கணக்கு மேலாளர்

நான் பணம் கொடுக்கும் பக்கத்தில் இருப்பவள் என்பதால் அந்தப் பக்கத்திலிருந்து பேசுகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஆலைக்குச் சம்பளப் பட்டியல் போட்டுக் கொடுத்த ஒரு சேவை நிறுவனம், ஆண்டு முடிந்த பிறகு, சட்ட மாற்றக் கட்டணம் என்று ஒரே வரியில் எழுதி ஒரு பில் அனுப்பியது. எந்தச் சட்டம், எந்த மாற்றம், அதற்காக என்ன செய்தார்கள் என்று ஒரு விவரமும் இல்லை. தொகை பெரிதில்லை. ஆனால் அதை நிர்வாக இயக்குநரிடம் கொண்டுபோய் நான்தான் விளக்க வேண்டும். என்னால் விளக்க முடியவில்லை. அடுத்த ஆண்டு அவர்களை நாங்கள் மாற்றியதற்கு அந்த ஒரு வரிதான் காரணம். அதே தொகையை ஜனவரியில், என்ன வேலை கூடப்போகிறது என்று ஒரு பக்கம் எழுதிக் கேட்டிருந்தால் அடுத்த ஆண்டுச் செலவுத் திட்டத்தில் சேர்த்துக் கொடுத்திருப்பேன்.

இரண்டாவதாக, விதி மாறினால் வேலை எப்போதும் கூடும் என்று எல்லாரும் பேசுகிறார்கள். அது சரியல்ல. பழைய முறையில் இருந்தபோது எங்கள் ஆலையில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் ஒவ்வொரு ஜனவரியும் வீட்டு வாடகை ரசீது, ஆயுள் காப்பீட்டுப் பிரீமியம், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், வீட்டுக் கடன் வட்டிச் சான்று என்று கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதில் ஒவ்வொரு தாளையும் சேவை நிறுவனத்தார் பார்த்தாக வேண்டும். வீட்டு உரிமையாளரின் பான் எண் இல்லாத வாடகை ரசீதைத் திருப்பி அனுப்புவது மட்டுமே ஒரு வாரம் நடக்கும். புதிய முறையில் இந்தக் கழிவுகள் இல்லை. 12 லட்சம் வரை தள்ளுபடி வந்த பிறகு எங்கள் ஆலையில் பழைய முறையில் தொடர்பவர்கள் 11 பேர்தான். ஒரு மாதம் நடந்த வேலை இப்போது மூன்று நாளில் முடிகிறது. இதற்காக யாராவது கட்டணத்தைக் குறைத்தார்களா? நான் கேள்விப்பட்டதில்லை. நீங்கள் கூடிய வேலையைப் பட்டியலிடும்போது குறைந்த வேலையையும் அதே தாளில் எழுதினால், உங்கள் தாளில் உள்ள மற்ற எண்களையும் நான் நம்புவேன்.

மூன்றாவது, தொழிலாளர் சட்டத் தொகுப்பையும் வருமான வரிச் சட்டத்தையும் ஒரே மூட்டையாகக் கட்ட வேண்டாம். சம்பளத்தில் படிகள் பாதிக்கு மேல் போனால் மிகுதி ஊதியமாகவே கருதப்படும் என்ற விதி, பிஎஃப், பணிக்கொடை ஆகியவற்றின் கணக்கைத் தொடுகிறது. வேலையை விட்டு விலகுபவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடித்துக் கொடுக்க வேண்டும் என்பது உங்கள் மாத ஓட்டத்தையே மாற்றுகிறது. ஆலையில் மாதம் முப்பது பேர் விலகினால் முப்பது தனிக் கணக்கு. அதற்குத் தனி விகிதம் கேட்பது முழுக்க நியாயம். விலகும் ஒருவருக்கு இவ்வளவு என்று கேளுங்கள். எங்கள் ஆட்கள் விலகாமல் இருந்தால் எங்களுக்குச் செலவு குறையும், உங்களுக்கு வேலை குறையும்.


கேள்வி கேட்டவர்

உடுமலைப்பேட்டை அம்மா சொன்ன இரண்டாவது செய்தி என்னைச் சிந்திக்க வைத்தது. என் பழைய கோப்புகளை எடுத்துப் பார்த்தேன். 2022-23இல் 41 நிறுவனங்களிலும் சேர்த்து 212 பேரின் சான்றுகளைச் சரிபார்த்திருக்கிறோம். இந்த ஆண்டு 47 பேர்தான். ஜனவரி மாத வேலை குறைந்திருப்பதை நான் உணரவே இல்லை, ஏனென்றால் அந்த இடத்தைத் திருத்த அறிக்கைகள் பிடித்துக்கொண்டன. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் உட்கார்ந்து செய்ததில் பெரும்பகுதி பழைய ஆண்டுகளின் 24க்யூ திருத்தங்கள்தான் என்பது இப்போதுதான் தெளிவாகிறது. அவற்றுக்குக் கட்டணம் கேட்கலாமா?


மறுமொழி 3: சோமனூர், பேரோல் மற்றும் பிஎஃப் ஆலோசகர்

கோவை ஐயா சொன்ன நேரக் கணக்கு கணக்காகச் சரிதான். ஆனால் நம் பகுதியின் சிறிய முதலாளிகளோடு இருபது ஆண்டுகள் பழகியவன் என்ற முறையில் ஒரு மாற்றுக் கருத்தைச் சொல்கிறேன். மணி நேரக் கணக்கைக் காட்டிக் கட்டணம் கேட்டால் பேச்சு மணி நேரத்தைப் பற்றியே போகும். இந்த வேலைக்கு எதற்கு இரண்டு மணி நேரம், எங்கள் பையன் அரை மணியில் செய்வானே என்பார்கள். எனவே நான் ஆண்டுக்கு ஒரே தொகை பேசிவிடுகிறேன். அதில் விதி மாற்றத்துக்கான ஒரு பங்கும் அடங்கியிருக்கிறது. மாற்றம் இல்லாத ஆண்டில் எனக்குச் சிறிது மிஞ்சும். மாற்றம் மிகுந்த ஆண்டில் எனக்குச் சிறிது போகும். வரி அடுக்கு மாறுவதும் வரம்பு மாறுவதும் நம் தொழிலில் வழக்கமாக நடப்பவை. ஒவ்வொரு பிப்ரவரிக்கும் ஒரு பில் அனுப்புபவனை யாரும் கூட வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆனால் ஒரு நிபந்தனையை நான் விடுவதில்லை. கட்டணத்தைத் திரும்பப் பேசும் தேதி ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். எங்கள் சோமனூர், பல்லடம் பகுதி விசைத்தறிக்காரர்கள் கூலி உயர்வுக்காக 2022இலும் 2025இலும் தறிகளை நிறுத்திப் போராடியதை அனைவரும் அறிவார்கள். மின்கட்டணம், உதிரிப் பாகம், ஆள்கூலி எல்லாம் ஏறிக்கொண்டே போக, நெசவுக் கூலி பழைய இடத்திலேயே நின்றது. பேசி முடித்த கூலியைப் பெறவும் அடுத்த உயர்வைப் பேசவும் ஒவ்வொரு முறையும் போராட வேண்டியிருந்தது. எங்கள் வீட்டிலும் தறி இருந்தது. அந்த வாரங்களில் வீடு எப்படி இருந்தது என்பதை நான் மறக்கவில்லை. நீங்கள் 2022 முதல் 60 ரூபாயிலேயே நின்றது உங்கள் நல்ல மனத்தைக் காட்டுகிறது. ஆனால் நான்கு ஆண்டு கேட்காமல் இருந்துவிட்டு ஒரே நாளில் 25 சதவீதம் கேட்பதால்தான் அது உங்களுக்கும் அவர்களுக்கும் பெரிதாகத் தெரிகிறது. ஒவ்வொரு ஏப்ரலிலும் தலைக்கு மூன்று ரூபாய் ஏற்றியிருந்தால் இன்று 72 ரூபாயில் நின்றிருப்பீர்கள்; யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள்.

45 ரூபாய்க்காரர்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். என்னிடமிருந்து அப்படிப் போன மூவரில் இருவர் திரும்பி வந்தார்கள். அறிக்கையில் பான் எண் தவறி ஊழியர்களுக்கு வரி வரவாகாமல் போனபோது, கேட்பதற்கு அந்த அலுவலகத்தில் ஆள் இல்லை.


மறுமொழி 4: கோவை, பட்டயக் கணக்காளர்

சோமனூர் நண்பரின் கருத்தில் பாதியை ஏற்கிறேன். வரி அடுக்கு, வரம்பு, விகித மாற்றங்கள் ஆண்டுத் தொகைக்குள்ளேயே இருக்கட்டும். அவற்றில் பெரும்பகுதியை மென்பொருளே செய்கிறது. ஆனால் ஒரு சட்டம் முழுவதும் போய் வேறொரு சட்டம் வருவது 1961க்குப் பிறகு இப்போதுதான். இதை ஒவ்வொரு பிப்ரவரியிலும் வரும் மாற்றத்தோடு ஒன்றாக எண்ணக் கூடாது. மணிக் கணக்கை முதலாளியிடம் காட்ட வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. உங்கள் நோட்டில் மணி இருக்கட்டும். அவருக்குப் போகும் தாளில் வேலையும் தொகையும் இருந்தால் போதும்.

திருத்த அறிக்கை பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்த அவசரம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் யாரிடம் கேட்பது என்பதும் தெரியும். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, எந்த நிதியாண்டில் அறிக்கை தாக்கல் செய்ய வேண்டுமோ அந்த ஆண்டு முடிந்து ஆறு ஆண்டு வரை அதைத் திருத்தலாம். புதிய சட்டம் இதை இரண்டு ஆண்டாகக் குறைக்கிறது. அதனால் 2018-19 நான்காம் காலாண்டு முதல் 2023-24 மூன்றாம் காலாண்டு வரையுள்ள அறிக்கைகளைத் திருத்த 2026 மார்ச் 31தான் கடைசி நாள். 2023-24 மூன்றாம் காலாண்டு அறிக்கை 2024 ஜனவரி 31க்குள் தாக்கலாக வேண்டியது. அந்த நிதியாண்டு முடிந்து இரண்டு ஆண்டு என்றால் இந்த மார்ச். அதன் பிறகு, வரி கட்டிய சலான் அறிக்கையோடு பொருந்தாமல் நிற்கும் தொகையும், தவறான பான் எண்ணில் போய்ச் சேர்ந்த வரியும் அப்படியே நின்றுவிடும்.

எனவே ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: தவறு யாருடையது? உங்கள் அலுவலகத்தில் எண்ணைத் தவறாகத் தட்டியிருந்தால் திருத்தத்துக்குக் காசு வாங்காதீர்கள். அதனால் வட்டியோ தாமதக் கட்டணமோ வந்திருந்தால் அதையும் நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். முதலாளி சலானைத் தாமதமாகக் கட்டியதாலோ, ஊழியர் பான் எண்ணை ஆதாருடன் இணைக்காததாலோ வந்த திருத்தம் என்றால் ஒரு திருத்தத்துக்கு இவ்வளவு என்று வாங்குங்கள். உங்களுக்கு முன் வேறொருவர் செய்த ஆண்டுகளின் தவறுகளும் இந்த இரண்டாவது வகைதான்.

பொறுப்பு பற்றியும் ஒப்பந்தத்தில் ஒரு பத்தி வேண்டும். காலாண்டு அறிக்கை தாமதமானால் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 234இ பிரிவில் நாளொன்றுக்கு 200 ரூபாய், பிடித்த வரியின் அளவு வரை. வரியைப் பிடிக்காமல் விட்டால் மாதம் ஒரு சதவீதமும், பிடித்துக் கட்டாமல் வைத்திருந்தால் மாதம் ஒன்றரை சதவீதமும் வட்டி. சட்டத்தின் முன் இதற்கெல்லாம் பொறுப்பு சம்பளம் கொடுப்பவருடையது. துறையின் அறிவிப்பு அவர் பெயருக்குத்தான் வரும். உங்களுக்கும் அவருக்கும் இடையில் யார் ஏற்பது என்பதை நீங்கள் இருவரும்தான் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். சம்பள விவரம் ஒவ்வொரு மாதமும் எந்தத் தேதிக்குள் உங்கள் கைக்கு வர வேண்டும் என்பதையும் எழுதுங்கள். அந்தத் தேதிக்குள் வந்தால் தாமதம் உங்கள் பொறுப்பு. அதன் பிறகு வந்தால் அவர் பொறுப்பு. இந்த ஒரு வரியை எழுதாததால் நல்ல நட்புகள் கெட்டதைப் பார்த்திருக்கிறேன்.


கேள்வி கேட்டவர்

நேற்று உதவியாளர்கள் இருவரையும் வைத்துக்கொண்டு மாலை முழுவதும் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். பத்து நிறுவனங்களுக்கு நேரத்தைக் குறித்துப் பார்த்ததில், வரிக் கணக்குக்குள் வரும் ஒருவருக்கு 20 நிமிடம் ஆகவில்லை. 15 நிமிடம்தான் ஆகிறது. ஆனால் சம்பளத் தலைப்புகளை மாற்றுவதற்கு 2 மணி நேரம் போதவில்லை. சாயப்பட்டறைகளில் ஷிப்ட் படி, இரவுப் படி என்று தலைப்புகள் மிகுதி என்பதால் மூன்றரை மணி நேரம் ஆனது.

ஆகவே மாதக் கட்டணத்தைத் தலைக்கு 60 ரூபாயிலிருந்து 63 ரூபாயாக மட்டும் உயர்த்துகிறோம். இது செலவு ஏற்றத்துக்கானது. சட்ட மாற்றத்தோடு தொடர்பில்லாதது. இனி ஒவ்வோர் ஏப்ரலிலும் இதைப் பற்றிப் பேசலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதுகிறோம். புதிய சட்டத்துக்கு மாறும் வேலைக்கு நிறுவனத்துக்கு 1,200 ரூபாயும், வரிக் கணக்குக்குள் வரும் ஒவ்வொருவருக்கும் 75 ரூபாயும் ஒருமுறை மட்டும் வாங்குகிறோம். 14 பேர் உள்ள தையல் யூனிட்டுக்கு அது 2,250 ரூபாய். 16 பேர் உள்ள ஏற்றுமதி அலுவலகத்துக்கு 2,400 ரூபாய். வரிக் கணக்குக்குள் ஒருவரும் வராத ஏழு தறிக்கூடங்களுக்கு இந்த ஒருமுறைக் கட்டணமே இல்லை. பழைய முறையில் சான்று கொடுப்பவர்கள் குறைந்துவிட்டதால், தலைக்கு 63 ரூபாய்க்கு மேல் வரி வேலைக்கென்று தனி மாத விகிதம் எதுவும் கேட்கவில்லை என்பதையும் கடிதத்தில் சொல்கிறோம். விலகுபவருக்கான கணக்கைப் பற்றிக் கடிதத்தில் எழுதவில்லை. அதை மூன்று மாதம் எண்ணிப் பார்த்துவிட்டுத் தனியாகக் கேட்கிறோம்.

திருத்தங்களைத் தவறின்படி பிரித்ததில் 38 திருத்தங்களில் 9 எங்கள் கைத்தவறு. அவற்றுக்குப் பில் இல்லை. அதில் இரண்டில் நிறுவனம் தாமதக் கட்டணம் கட்டியிருக்கிறது. அந்தத் தொகையை அடுத்த மாதப் பில்லில் கழித்துக்கொள்கிறோம். மீதி 29க்கு வரும் தொகையை உதவியாளர்கள் இருவருக்கும் ஞாயிற்றுக்கிழமை வேலைக்காகப் பிரித்துக் கொடுக்கிறேன்.

நாளை அனுப்பப்போகும் கடிதத்தை இங்கே வைக்கிறேன். பிழை இருந்தால் சொல்லுங்கள்.

“மதிப்பிற்குரிய ஐயா, வரும் ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருகிறது. இதற்காக உங்கள் நிறுவனத்தில் வரிக் கணக்குக்குள் வரும் ஊழியர்களின் விவரங்களைப் புதிதாகப் பெற்று, சம்பளத் தலைப்புகளை மாற்றி, ஏப்ரல் மாதச் சம்பளத்தைச் சோதித்துக் கொடுக்கிறோம். முடிகிற ஆண்டின் நான்காம் காலாண்டு அறிக்கையும் படிவம் 16உம் பழைய சட்டப்படியே வழக்கம்போல் வரும். அவற்றுக்குக் கூடுதல் கட்டணம் இல்லை. மாற்றத்துக்கான ஒருமுறைக் கட்டணத்தின் விவரம் இணைப்பில் உள்ளது. உங்கள் ஒப்புதல் கிடைத்த பிறகே அதற்கான பில்லை அனுப்புவோம். ஒவ்வொரு மாதமும் 2ஆம் தேதிக்குள் வருகைப் பதிவைக் கொடுத்து உதவ வேண்டுகிறோம்.”


மறுமொழி 5: உடுமலைப்பேட்டை அருகே, நூற்பாலையில் கணக்கு மேலாளர்

கடிதம் நன்றாக இருக்கிறது. ஒரு திருத்தம் மட்டும் சொல்கிறேன். ஒப்புதல் வரவில்லை என்றால் என்ன செய்வீர்கள் என்பது இதில் இல்லை. ஏப்ரல் மாதச் சம்பளம் ஒப்புதலுக்காகக் காத்திருக்காது. அதில் பிடித்த வரியை மே 7க்குள் கட்டியாக வேண்டும். எனவே ஒப்புதலை எந்தத் தேதிக்குள் தர வேண்டும் என்று எழுதுங்கள். மார்ச் 28 சனிக்கிழமை என்று போட்டால் பொருத்தமாக இருக்கும். உங்கள் ஊரில் சனிக்கிழமை சம்பளப் பட்டுவாடாவுக்கு முதலாளிகள் எல்லாரும் அலுவலகத்தில்தான் இருப்பார்கள். நேரில் போய்க் கையெழுத்து வாங்கிவிடலாம்.